தரமுயர்ந்த கழகமும் லொறி வாங்கிய வியாபாரியும்

வியாபாரத்தில் விழுந்தவர்களின் கதையைக் கேட்டுப் பார்த்தால் ஒரு விடயம் அடிக்கடி வெளிவரும். வியாபாரம் மந்தமாகக் கிடந்த காலத்தில் விழுந்தவர்கள் குறைவு. அந்தக் காலத்தில் மனிதன் தானாகவே கையைச் சுருக்கிக் கொள்கிறான். வியாபாரம் நன்றாக ஓடி, ஒரு படி மேலே ஏறி, ஊரார் எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்ன மறு வருடத்தில்தான் பலர் விழுந்திருக்கிறார்கள்.

இதை விளக்குவதற்கு இந்த வாரம் உதைபந்தாட்டத்தை எடுத்துக் கொள்வோம். குறிஞ்சிப்பிட்டி, கற்பிட்டி, புத்தளம் பக்கத்து வியாபாரிகளுக்குக் கணக்குப் புத்தகத்தை விட உதைபந்தாட்டம் இலகுவாக விளங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அஸருக்குப் பிறகு கடையைப் பையனிடம் ஒப்படைத்து விட்டு மைதானத்துக்குப் போகும் முதலாளிமார் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியாததல்ல.

உதைபந்தாட்ட லீக்குகளில் தரமுயர்வு என்று ஒன்று உண்டு. இரண்டாம் பிரிவில் வென்ற கழகம் அடுத்த பருவகாலத்தில் முதற் பிரிவில் ஆட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது பெருநாள். கழகத்தின் கணக்கு எழுதுபவருக்கோ தலையிடி. ஏனென்றால் மேற் பிரிவின் செலவு முதல் நாளிலிருந்தே முழுதாக வந்து நிற்கும். வரவோ வந்தால்தான் வரவு.

பணம் கொட்டிக் கிடக்கும் இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலேயே இதைப் பார்க்கலாம். 2023இல் தரமுயர்ந்து வந்த லூட்டன், பர்ன்லி, ஷெபீல்ட் யுனைடட் ஆகிய மூன்று கழகங்களும் 2024இல் ஒன்றாகக் கீழே இறங்கின. அவற்றுக்குப் பதிலாக மேலே வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்ஹம்டன் மூன்றும் 2025இல் அதேபோல இறங்கின. இதில் லூட்டனின் நிலை இன்னும் மோசம். 2025இல் அது மேலும் ஒரு பிரிவு கீழே போய்விட்டது. இரண்டு வருடத்தில் இரண்டு படி.

ஆனால் கோடிக்கணக்கான பவுண் புரளும் அந்த லீக் நமது அளவுக்கு ஒத்துவராது. நமக்குப் பக்கத்தில், நமது அளவுக்குக் கொஞ்சமாவது கிட்டிய ஒரு கழகம் இருக்கிறது. அதுதான் ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீர்.

பத்திரிகைக்காரரும் ஹோட்டல்காரரும்

2014 செப்டெம்பரில் காஷ்மீரில் பெரும் வெள்ளம் வந்தது. ஸ்ரீநகர் நகரம் தண்ணீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பின் செய்வதற்கு எதுவுமின்றி இருந்த இளைஞர்களுக்குப் பந்துகள் வாங்கிக் கொடுத்தார்கள் இரு நண்பர்கள். ஒருவர் ஷமீம் மெஹ்ராஜ், காஷ்மீர் மொனிட்டர் என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தியவர். மற்றவர் சந்தீப் சட்டூ, ஹோட்டல் தொழில் செய்யும் காஷ்மீரப் பண்டிட். இந்த முஸ்லிமும் இந்த இந்துவும் கூட்டாக 2016இல் தொடங்கிய கழகம்தான் ரியல் காஷ்மீர். இருவரும் பெரும் கோடீஸ்வரர்கள் அல்லர். நம்மில் பலரைப் போலச் சொந்தத் தொழில் வைத்திருந்தவர்கள்.

2017 ஜனவரியில் டேவிட் ரொபர்ட்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரைப் பயிற்றுவிப்பாளராகக் கொண்டு வந்தார்கள். அபர்டீன், கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் கழகங்களில் ஆடியவர். அவர் வந்திறங்கியது கடும் பனிக் காலத்தில். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது, இன்டர்நெட்டும் அப்படியே. உடனே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியதாம். ஆனால் போகவில்லை, 2022 வரை அங்கேயே இருந்தார்.

2018 மே மாத இறுதியில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் எஃப்.சி. கழகத்தை 3-2 என்று வென்று ஐ லீக்கின் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது ரியல் காஷ்மீர். ஜம்மு காஷ்மீரிலிருந்து ஐ லீக்குக்கு ஏறிய முதல் கழகம் அதுதான். கழகம் பிறந்து இரண்டே வருடம்.

இனித்தான் நமது பாடம் தொடங்குகிறது.

ஏறிய பிறகு என்ன செலவு வந்தது?

2018-19 பருவகாலத்தில் ஐ லீக்கில் 11 கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள், அதில் பாதி வெளியூரில். ஸ்ரீநகரிலிருந்து கோயம்புத்தூர், கோழிக்கோடு, கோவா, கொல்கத்தா, புவனேஸ்வர், ஷில்லாங், இம்பால், ஐஸ்வால் என்று இந்தியாவின் நான்கு மூலைக்கும் போய்வர வேண்டும். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, வெளிநாட்டு வீரர்களின் சம்பளம். தோற்றாலும் வென்றாலும் இந்தச் செலவு குறையப் போவதில்லை. வரவு என்று பார்த்தால், ஐ லீக்கில் கழகங்களுக்குப் பெரிய தொலைக்காட்சிப் பணம் கிடையாது. அனுசரணையாளர்தான் கதி. பிரச்சினையுள்ள பிரதேசம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு அனுசரணையாளர் தேடுவது எத்தகைய வேலை என்பதை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அடிடாஸ் நிறுவனம் அந்த வருடம் கழகத்தின் சீருடைக்கு முன்வந்தது.

இங்கு அவர்கள் செய்த ஒரு காரியத்தை வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டும். பயிற்றுவிப்பாளரையும் வீரர்களையும் எங்கே தங்க வைத்தார்கள்? பங்காளி சட்டூவின் ஹோட்டலில். ஒரு கழகத்துக்கு வருடம் முழுதும் இருப்பிடம் என்பது பெரிய செலவுத் தலைப்பு. கையில் ஏற்கெனவே இருந்த கட்டடம் அந்தச் செலவைத் தாங்கிக் கொண்டது. குளிர்காலத்தில் உல்லாசப் பயணிகள் குறையும் ஊரில், ஆளில்லாமல் கிடக்கும் அறைக்கு ஆள் கிடைத்தது என்றும் இதைப் பார்க்கலாம். நம்மில் ஒருவர் வியாபாரத்தை விரிக்கும்போது முதலில் செய்வது என்ன? புதிய கட்டடம், புதிய பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவு. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் கொட்டிலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பணத்தை எங்கே இறுக்கினார்களோ அதே போல எங்கே இறுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்றுவிப்பாளர் விடயத்தில் மலிவு பார்க்கவில்லை. தரமுயர்ந்தவுடன் அவரை மாற்றவும் இல்லை. "கீழ்ப் பிரிவுக்கு இவர் போதும், மேலே வேறு ஆள் வேண்டும்" என்று நினைக்கும் கழகங்கள் உண்டு. கடையைப் பெரிதாக்கியதும் பத்து வருடம் கூட நின்ற கணக்கப்பிள்ளையை ஓரம் கட்டிவிட்டு, கொழும்பிலிருந்து டை கட்டிய மனேஜரைக் கொண்டு வரும் முதலாளிமாரும் இருக்கிறார்கள்.

2018 ஒக்டோபர் 31ஆம் திகதி முதல் ஆட்டம். எதிரணி அதற்கு முந்திய வருடத்துச் சம்பியன் மினர்வா பஞ்சாப், அதுவும் அவர்களது மைதானத்தில். காஷ்மீர் 1-0 என்று வென்றது. நவம்பர் 6ஆம் திகதி ஸ்ரீநகரில் முதல் ஆட்டம், சர்ச்சில் பிரதர்ஸோடு கோலின்றிச் சமநிலை. பிறகு கொல்கத்தாவுக்குப் போய், நூறு வருடத்துக்கு மேல் பழமையான மோகன் பகானை அவர்களின் ஊரிலேயே 2-1 என்று தோற்கடித்தார்கள். அதோடு மோகன் பகானின் பயிற்றுவிப்பாளரே பதவி விலகினார்.

இந்த அணி கோல்களைக் குவித்த அணி அல்ல. முதலில் தன் கோலைக் காத்து, கிடைத்த ஒன்றை வைத்து ஆட்டத்தை முடிக்கும் அணி. பார்க்கச் சலிப்பாக இருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. புதிதாக மேலே ஏறியவன் நஷ்டத்தை அடைத்து வைப்பதுதான் முதல் வேலை, இலாபம் அதற்குப் பின்னால் வரட்டும்.

கையில் இல்லாத காரியம்

பெப்ரவரி மாதம். பட்டம் வெல்லக்கூடிய அணிகளில் ஒன்றாக ரியல் காஷ்மீர் நின்றது. பெப்ரவரி 14ஆம் திகதி புல்வாமாவில் குண்டுத் தாக்குதல் நடந்து 40 துணைப்படை வீரர்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு மினர்வா அணி பாதுகாப்பைக் காரணம் காட்டி வரவில்லை. மாத இறுதியில் ஈஸ்ட் பெங்கோலோடு ஸ்ரீநகரில் ஆடவேண்டிய ஆட்டம் டில்லிக்கு மாற்றப்பட்டது. சொந்த மைதானம், சொந்த ரசிகர்கள், சொந்தக் குளிர், எல்லாம் ஒரே வாரத்தில் கைநழுவியது. கழகத்தின் மீது இதில் எந்தத் தவறும் இல்லை. அதற்குப் பிறகும் பருவகால முடிவில் மூன்றாம் இடம் பெற்றார்கள். தரமுயர்ந்த முதல் வருடத்தில் மூன்றாம் இடம் என்பது சாதாரண காரியமல்ல.

இதை வாசிக்கும்போது நமக்கு வேறு நாட்கள் ஞாபகம் வரும். அதே 2019ஆம் வருடம் ஏப்ரல் 21க்குப் பிறகு நமது வியாபாரிகளின் வாடிக்கையாளர் எங்கே போனார்கள்? மே 12, 13ஆம் திகதிகளில் சிலாபத்திலும் கொட்டாரமுல்லையிலும் மினுவாங்கொடையிலும் என்ன நடந்தது? பரம்பரையாக நம்மிடம் வாங்கியவர்களே வாசலைத் தாண்டிப் போனார்கள். கற்பிட்டியில் உல்லாசப் பயணிகளை நம்பிப் படகும் அறையும் போட்டவர்களின் பருவம் அப்படியே நின்றது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவி, சந்தையை மூடினார்கள். பிடித்த மீனுக்கு விலையில்லை, விலை இருந்தாலும் கொண்டு போக வழியில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கடல் மீன் என்றாலே சனம் பயந்தது. 2022 ஓகஸ்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது.

நான்கு வருடத்தில் இத்தனை அடி. எனவே "அப்படி ஒன்று நடந்தால் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்வதற்கு இனி இடமில்லை. நடக்கும் என்றே கணக்கில் எழுத வேண்டும்.

ரியல் காஷ்மீரும் அத்தோடு தப்பிவிடவில்லை. 2019 ஓகஸ்டில் காஷ்மீரின் விசேட அந்தஸ்து நீக்கப்பட்டு, தொலைபேசியும் இன்டர்நெட்டும் துண்டிக்கப்பட்டபோது, அணி கொல்கத்தாவில் டூரண்ட் கிண்ணத்தில் ஆடிக் கொண்டிருந்தது. வீட்டில் உம்மா வாப்பா எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே பையன்கள் மைதானத்தில் இறங்கினார்கள். அரையிறுதி வரை போனார்கள்.

அதே வருடத்துச் சம்பியன்

2018-19இல் ஐ லீக்கை வென்றது யார்? தமிழ்நாட்டின் சென்னை சிட்டி கழகம். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸின் பயிற்சியில், கடைசி நாளில் மினர்வாவை 3-1 என்று வென்று 43 புள்ளிகளோடு பட்டம் பெற்றது. ஈஸ்ட் பெங்கோலுக்கு 42. பெட்ரோ மன்சி என்ற வீரர் மட்டும் 21 கோல்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. தமிழ் பேசுவோர் எல்லோரும் பெருமைப்பட்ட வருடம் அது. ஆட்டத்தின் அழகுக்கு நானும் அந்த அணியைத்தான் சொல்வேன்.

ஆனால் 2020 ஜனவரியில் மன்சி ஜப்பானியக் கழகமொன்றுக்குப் போய்விட்டார். மற்ற முக்கிய வீரர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். 2021-22 ஐ லீக்கில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. மூன்றாம் இடத்தோடு திருப்திப்பட்ட ரியல் காஷ்மீரோ 2020 டிசம்பரில் கொல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது, 2024-25 பருவகாலத்திலும் அதே ஐ லீக்கில் ஆடியது. முதலிடம் வந்ததால் ஒரு கழகம் அழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஒரு வாடிக்கையாளரை, ஒரே ஒரு திறமைசாலியை நம்பி நிற்கும் வியாபாரத்துக்கு, அவர் போன பிறகு எத்தனை மாதம் தாங்கும் சக்தி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

லொறிக் கணக்கு

இப்போது நமதூருக்கு வருவோம். கருவாடும் மீனும் கொழும்புக்கு அனுப்பும் ஒரு வியாபாரி. மாதம் 8 தடவை வாடகை லொறியில் அனுப்புகிறார். ஒரு தடவைக்கு 30,000 ரூபா வாடகை என்று வைத்துக் கொள்வோம். மாதம் 240,000 ரூபா. "வாடகைக்குக் கொட்டும் காசைக் கட்டுப்பணமாகக் கட்டினால் லொறி நம்முடையதாகுமே" என்று ஒரு நாள் தோன்றுகிறது. நியாயமான யோசனைதான். இதுதான் அவரது தரமுயர்வு.

லொறிக்கு மாதக் கட்டுப்பணம் 165,000. சாரதி, உதவியாளர் சம்பளம் 80,000. காப்புறுதி, டயர், திருத்த வேலை சராசரியாக 25,000. மொத்தம் 270,000 ரூபா. லொறி கராஜில் நின்றாலும் இந்தக் காசு போகும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு தடவைக்கும் டீசல் முதலான செலவு 12,000. இவை உதாரணத்துக்கு எடுத்த எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

8 தடவை ஓடினால் 366,000 ரூபா செலவு. முன்பு 240,000. மாதம் 126,000 ரூபா கூடுதலாகப் போகிறது. 15 தடவை ஓடினால்தான் இரண்டும் சமம், 450,000. பதினாறாவது தடவையிலிருந்துதான் சொந்த லொறி இலாபம். ஆக, லொறி வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது "கட்டுப்பணம் கட்ட முடியுமா?" என்பதை விட, "எனக்கு ஒவ்வொரு மாதமும் 15 தடவைக்குச் சரக்கு இருக்கிறதா?" என்பதுதான். காற்றுக் காலத்தில் படகு இறங்காத மாதங்களில் 5 தடவைக்கும் சரக்குச் சேராது. அந்த மாதம் 330,000 ரூபா. முன்பு வாடகைக்கென்றால் 150,000தான்.

இந்த வித்தியாசத்தை யார் தருவது? அநேகமாக அடுத்தவன் தருகிறான். எப்படியென்றால், படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு ஒரு வாரம் தள்ளிப் போகும், பிறகு இரண்டு வாரம், பிறகு திகதி பின்போட்ட காசோலை. ஊரில் புது லொறி ஓடும். லொறிக்குப் பின்னால் பத்துக் குடும்பங்கள் காசுக்குக் காத்திருக்கும். இதைத்தான் இங்கிலாந்தில் ஒரு கழகம் முழு உலகத்துக்கும் காட்டியது.

ஆடாமலே முடிந்த பருவகாலம்

மன்செஸ்டருக்கு வடக்கே பரி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கழகம் 1885இல் தொடங்கியது. 1900, 1903 ஆகிய வருடங்களில் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற கழகம் அது. 2018-19இல் நான்காம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்று மூன்றாம் பிரிவுக்குத் தரமுயர்ந்தது. ரசிகர்கள் மைதானத்தில் இறங்கிக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த வெற்றியைப் பெற்றுத் தந்த வீரர்களுக்கு அப்போதே சம்பளம் பாக்கி.

அதற்கு முன் 2018 டிசம்பரில் கழகம் கைமாறியிருந்தது. விலை ஒரு பவுண். ஒரு பவுணுக்கு ஒரு கழகம் கிடைக்கிறதென்றால் அதோடு எவ்வளவு கடன் சேர்ந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும். மைதானம் ஏற்கெனவே அடகில். வாகனத் தரிப்பிடத்தைத் துண்டு துண்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றும் காசு எடுத்திருந்தார்கள்.

அந்த லீக்கில் இதற்குக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. அப்போது நான்காம் பிரிவுக் கழகம் தன் வருமானத்தில் 50 சதவீதத்துக்கு மேலும், மூன்றாம் பிரிவுக் கழகம் 60 சதவீதத்துக்கு மேலும் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக் கூடாது என்று விதி இருந்தது. நல்ல விதி. ஆனால் உரிமையாளர் கையிலிருந்து போடும் முதலும் அந்த வருமானத்தில் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. முதலைப் போட்டுவிட்டு அதை வரவு என்று எழுதினால் எந்தக் கடையும் இலாபத்தில்தான் ஓடும். நம்மில் எத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் காசைக் கல்லாப் பெட்டியில் போட்டுவிட்டுக் கடை நன்றாக ஓடுகிறது என்று நினைக்கிறோம்!

2019 ஜூலையில் கடன்காரர்களோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இங்கேதான் நமது வியாபாரிகள் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். உதைபந்தாட்டத்தின் வழக்கப்படி வீரர்களுக்கும் மற்றக் கழகங்களுக்கும் உள்ள கடன் முழுதாகத் தீர்க்கப்பட வேண்டும். பிணை எதுவும் இல்லாத ஏனைய கடன்காரர்களுக்குக் கால் பங்கு, அதாவது ஒரு பவுணுக்கு 25 பென்ஸ். இந்த ஏனையவர்கள் யார்? ஊரிலுள்ள சிறு வியாபாரிகளும் வேலைக்காரர்களும்தான். கழகம் மேலே போகிறது, இனிப் பயமில்லை என்று கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நின்றார்கள்.

அந்தக் கால் பங்கைக் கொடுப்பதற்கும் காசு எங்கேயிருந்து வரும் என்று லீக் நிர்வாகம் கேட்டது. காட்ட முடியவில்லை. தொடக்க ஆட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்போடப்பட்டன. வாங்க வந்தவர்களும் கடைசி நாளில் பின்வாங்கினார்கள். 2019 ஓகஸ்ட் 27ஆம் திகதி பரி கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஏறிய பிரிவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பிற்காலத்தில், 2022இல், ரசிகர்கள் அரசாங்க உதவியோடு மைதானத்தை மீட்டு, 2023இல் அங்கு மீண்டும் ஆடத் தொடங்கினார்கள், பல பிரிவுகள் கீழே.

நம்மிடம் சரக்கெடுக்கும் ஒருவர் புதுக் கிளை திறந்தால், சுப்பர் மார்க்கட் ஒப்பந்தம் பெற்றால், நாமும் மகிழ்ந்து கடன் எல்லையைக் கூட்டி விடுகிறோம். உண்மையில் அந்த முதல் வருடத்தில்தான் கணக்கை இறுக்கமாகப் பார்க்க வேண்டும். முன்பு 14 நாளில் தந்தவர் இப்போது எத்தனை நாளில் தருகிறார்? சம்பளம் நேரத்துக்குக் கொடுக்கிறாரா? இதைக் கேட்க அவரிடம் போகத் தேவையில்லை, அவரது கடைப் பையனிடம் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால் தெரிந்துவிடும். புதுக் கிளைக்கான காசு எங்கிருந்து வந்தது, காணி அடகிலா, சீட்டுக் காசா, நாம் கொடுத்த சரக்குக் காசா? பழைய பாக்கியில் ஒரு பகுதியாவது தீர்ந்த பிறகே புதுச் சரக்கு என்ற பேச்சை அந்தக் கிளை திறக்கும் வாரத்திலேயே பேசிக் கொள்வது நல்லது. அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருப்பார், கோபித்துக் கொள்ள மாட்டார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் உறவும் போகும்.